தேர்க்காலும் தெருவும்

திருவாரூர் வீதியில் ஓர் இளங்கன்று தேர்க்காலில் சிக்கி இறந்த கதை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்று தன் ஊரின் பெருமை கூறும் கண்ணகி, அக்கதையைச் சுட்டுகிறாள். பெரியபுராணத்தில் சேக்கிழார் அதனை விரித்துரைக்கிறார். அவ்விரிவில் ஓரிடம் ஊன்றிக் கருதத்தக்கது. மணியோசை கேட்டு வெளிவந்த மன்னனிடம் நடந்ததை எடுத்துரைக்கும் அமைச்சர், கன்று தானே தேர்க்காலிடையே புகுந்து இறந்தது என்ற பொருள்படப் பேசுகிறார். பழி ஓசையின்றிக் கன்றின்மேல் சாய்கிறது. மன்னன் அவ்வுரையை ஏற்கவில்லை. கழுவாய் செய்தால் போதும் என்ற அறிவுரையையும் ஏற்கவில்லை. நேர்ந்தது கொலை என்பதே அவன் முடிபு.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் பெருகிய நகரங்கள் பலவும் அமைச்சரின் உரையையே தம் உரையாகக் கொண்டன. “குழந்தை குறுக்கே ஓடிவந்துவிட்டது” என்னும் ஒரு வாக்கியத்தில் வழக்கு முடிந்தது. அந்த வாக்கியத்தை மறுத்து எழுந்த ஓர் இயக்கத்தின் வரலாறு நெதர்லாந்துக்கு உரியது. அது ஒரு சொல்லிலிருந்து தொடங்கியது என்பது கவிஞர்கள் அறிந்துகொள்ளவேண்டிய செய்தி.

இன்று ஆம்ஸ்டர்டாம் நகரைக் காண்போர், அம்மக்கள் பிறவியிலேயே மிதிவண்டியில் பற்றுடையவர் என்றும், அவர்தம் தெருக்கள் என்றும் இவ்வாறே இருந்தன என்றும் எண்ணிவிடுவர். உண்மை வேறு. இரண்டாம் உலகப்போருக்கு முன் அந்நகரத் தெருக்கள் மிதிவண்டிகளால் நிறைந்திருந்தன என்பது மெய்யே. போருக்குப்பின் செல்வம் பெருகியது, கார்களும் பெருகின. 1960-இல் நாடு முழுவதும் 5 லட்சம் அளவில் இருந்த கார்கள், பத்தே ஆண்டுகளில் 20 லட்சத்தைக் கடந்தன. பழைய சதுக்கங்கள் வண்டி நிறுத்தும் திடல்களாயின. 1954-இல் நகரின் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர், போக்குவரத்துக்கு இடம்வேண்டிக் கால்வாய்களைத் தூர்க்கலாம் என்றே ஒரு திட்டம் முன்வைத்தார். 1967-இல் டேவிட் யோகினன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், பழைய குடியிருப்புகளை இடித்து நகரின் நெஞ்சுவரை விரைவுச்சாலை அமைக்கும் வரைபடத்தை அளித்தார். இவ்விரண்டும் நிறைவேறவில்லை. ஆயினும், நகரம் எத்திசையில் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இவையே சான்று.

எதிர்ப்புக் குரலும் அப்போதே எழுந்தது. 1965-இல் ‘ப்ரோவோ’ என்னும் இளைஞர் குழுவினர், லூட் ஸ்கிம்மல்பென்னிங்க் வகுத்த திட்டத்தின்படி, வெள்ளை வண்ணம் பூசிய மிதிவண்டிகளைத் தெருவில் நிறுத்தி, யாரும் எடுத்துச் செல்லலாம் என்றனர். பூட்டப்படாத மிதிவண்டி சட்டத்துக்குப் புறம்பானது என்று காவலர் அவற்றைக் கைப்பற்றினர். கேலியும் கனவும் கலந்த அம்முயற்சி அன்று தோற்றது. ஆனால் தெரு யாருக்குரியது என்ற கேள்வியை அது விட்டுச் சென்றது.

அக்கேள்விக்கு விடையளிக்கும்படி நாட்டை நெருக்கியது குழந்தைகளின் சாவு. 1971-இல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் 400-க்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். அவ்வாறு மாண்ட குழந்தைகளுள் ஒருத்தி, ‘டெ டெய்ட்’ நாளிதழின் பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃபின் ஆறு வயது மகள். 1972-இல் அவர் தம் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தம் துயரத்தை மட்டும் சொல்லி அவர் நிற்கவில்லை. பெற்றோர் ஒன்றுகூடி அரசை வற்புறுத்தும் அமைப்பு ஒன்று வேண்டும் என்று அழைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஸ்டாப் டெ கிண்டர்மோர்ட்’. ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் பொருள்.

அப்பெயரின் வன்மையை உணர, டச்சு மொழியின் வழக்கொன்றை அறியவேண்டும். விபத்தை அம்மொழியினர் ‘ஒன்ஹெலுக்’ என்பர். ‘ஹெலுக்’ என்பது நற்பேறு. ‘ஒன்’ என்பது எதிர்மறை முன்னொட்டு. எனவே, சாலையில் ஒரு குழந்தை இறந்தால் மொழியே அதனை ஊழின்மேல் ஏற்றிவிடும். வண்டியின் வேகம், தெருவின் அமைப்பு, அவ்வமைப்புக்கு ஒப்புதல் தந்த அலுவலகம் ஆகிய எதுவும் அச்சொல்லுக்குள் இல்லை. லாங்கன்ஹோஃப் அதனை விலக்கிவிட்டுக் ‘கொலை’ என்றார். அதிலும், ஏரோது மன்னன் பெத்லகேமில் பாலகரைக் கொன்ற விவிலிய நிகழ்ச்சியை டச்சு மக்கள் குறிக்கும் சொல்லும் ‘கிண்டர்மோர்ட்’ என்பதே. ஆகவே, அப்பெயரைக் கேட்ட எவரும் அதனை எளிதில் கடந்துபோக முடியவில்லை. கொலை என்று சொன்னால் கொன்றவர் யார் என்ற கேள்வி உடன் எழும். அக்கேள்வி ஓட்டுநரோடு நில்லாமல் நகரமன்றம் வரை சென்றது.

அமைப்பு உருவானது. அதன் முதல் தலைவர் மார்ட்யே வான் புட்டன், அப்போது ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த இளந்தாய். பிற்காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானவர். உறுப்பினர்கள் மிதிவண்டி ஊர்வலம் நடத்தினர். தெருக்களை மறித்துக் குழந்தைகளை விளையாடவிட்டனர். நடுத்தெருவில் மேசையிட்டு அண்டை வீட்டாரோடு கூடியுண்டனர். பிரதமர் யோப் டென் அய்லின் இல்லத்துக்கே சென்று, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான தெரு வேண்டிப் பாடினர். அதே 1972-இல், நெருக்கமான ‘டெ பைப்’ குடியிருப்பின் சிறுவர்களும் விளையாடத் தெரு கேட்டுப் போராடினர். தொலைக்காட்சி அதனைப் பதிவு செய்தது.

அடுத்த ஆண்டில் உலக நிகழ்ச்சி ஒன்று துணைக்கு வந்தது. 1973 அக்டோபரில் எழுந்த எண்ணெய் நெருக்கடியால், நவம்பர் 4 முதல் சில மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசு தடைசெய்தது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தனர், மிதிவண்டியில் உலவினர். தம் ஊரின் ஓசையடங்கிய வடிவை ஒரு தலைமுறை முதன்முதலாகக் கண்டது. சிக்கனத்துக்காக வந்த அத்தடை, இயக்கத்தார் நெடுநாள் சொல்லி வந்ததை ஒரே நாளில் கண்முன் காட்டிற்று.

வேறொரு சொல்லும் அக்காலத்தில் பிறந்தது. நீக் டெ பூர் என்னும் நகரமைப்பாளரின் கருத்திலும், டெல்ஃப்ட் நகரப் பொறியாளர் யோஸ்ட் வாலின் செயலிலும் வளர்ந்த ‘வோனெர்ஃப்’ என்பதே அது. ‘வோனன்’ குடியிருத்தல், ‘எர்ஃப்’ வீட்டை ஒட்டிய முற்றம். குடியிருப்பு முற்றம் எனத் தமிழில் கூறலாம். அத்தகைய தெருவில் நடைபாதை வேறு, வண்டிப்பாதை வேறு என்ற பிரிவில்லை. மரமும் இருக்கையும் வளைவும் வண்டியைத் தாமே மெல்லச் செல்லவைக்கும். நடப்போர் தெருவின் முழு அகலத்துக்கும் உரியர். குழந்தைகள் அங்கே விளையாடலாம். வண்டி நடையின் வேகத்திலேயே செல்லவேண்டும். 1976-இல் இது சட்டமாயிற்று. தெருவை முற்றம் என்று அழைத்த பின், அதில் விரைந்து செல்பவனே அயலான் ஆனான்.

மிதிவண்டியோட்டுவோர் 1975-இல் தமக்கெனத் தேசியச் சங்கம் அமைத்தனர். தெருக்களில் ஆபத்தான இடங்களைக் குறித்து நகரமன்றத்தின் முன்வைப்பதும், ஆயிரக்கணக்கில் திரண்டு ஊர்வலம் செல்வதும் அவர்தம் பணியாயின. 1970-களில் ஹேக், டில்பர்க் நகரங்களில் அரசு தனி மிதிவண்டிப்பாதைகளை அமைத்துப் பார்த்தது. ஹேக்கில் வணிகர் எதிர்த்தனர். ஒரு நல்ல பாதை மட்டும் மக்களைப் பெருமளவில் ஈர்க்காது என்பதும் தெரியவந்தது. வீட்டு வாசலிலிருந்து பள்ளி வரை அறுபடாத வலை வேண்டும் என்ற பாடத்தை, 1980-களில் டெல்ஃப்ட் நகரம் செய்துகாட்டியது. கொந்தளிப்பில் பிறந்த கோரிக்கை, அளவுகோலும் வரைபடமும் கொண்ட பொறுமையான வேலையாக மாறிய காலம் அது.

சட்டமும் மெல்ல அவ்வழி வந்தது. மோட்டார் வண்டி, நடப்பவர்மீதோ மிதிவண்டியில் செல்பவர்மீதோ மோதினால், இழப்பீட்டுப் பொறுப்பு பெரும்பாலும் வண்டியைச் சார்ந்தவருக்கே என்பது நெதர்லாந்து உரிமையியல் சட்டத்தின் நிலை. பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குட்பட்ட குழந்தையாயின் முழு இழப்பீடும் வழங்கவேண்டும் என்று 1990, 1991 ஆண்டுகளில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வகுத்தது. குழந்தையின் செயல் வேண்டுமென்றே செய்ததாகவோ அதற்கு நிகரான துணிச்சலாகவோ இருந்தாலன்றி விலக்கில்லை. குழந்தை குறுக்கே ஓடிவந்தது என்பது அங்கே இனி விடையாகாது. குழந்தை ஓடும் என்பதை அறிந்து வண்டியோட்டுவதே ஓட்டுநரின் கடமை.

பயன் எண்களில் தெரிகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3,000-ஐக் கடந்திருந்த சாலைச் சாவுகள் 2013-இல் 570 ஆகக் குறைந்தன. ஆயினும் இவ்வரலாற்றை முழு வெற்றி என்று முடித்துவிடுதல் பொருந்தாது. 2022-இல் இத்தொகை மீண்டும் 700-ஐத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 290 பேர் மிதிவண்டியில் சென்றோர், அவருள் முதியோர் பலர். 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் தன் பெரும்பாலான தெருக்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்பதையே இது காட்டுகிறது.

சேக்கிழாரின் கதையில் இறைவன் எழுந்தருளி, கன்றையும் மைந்தனையும் அமைச்சரையும் உயிர்ப்பித்தான். நெதர்லாந்தில் இறந்த குழந்தைகள் எவரும் மீளவில்லை. அவர்தம் பெற்றோர் வேண்டியதும் அதுவன்று. நடந்ததை அதன் உண்மைப் பெயரால் அழைக்கவேண்டும் என்பதே அவர்தம் முதல் கோரிக்கை. அப்பெயர் நிலைத்தபின் தெருக்கள் ஒவ்வொன்றாக மாறின.