அண்ணனுக்காக ஒரு புத்தகம்

தோரோ என்றதும் பலருக்கும் "வால்டன்" புத்தகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த அமெரிக்க எழுத்தாளர் வால்டன் குளக்கரைக்குக் குடிபோனது வேறொரு புத்தகத்தை எழுதுவதற்காக!

1839-ல் ஹென்றி டேவிட் தோரோவும் அண்ணன் ஜானும் தாங்களே செய்த படகில் கான்கார்ட், மெரிமாக் ஆறுகளில் பயணம் போனார்கள். 1842-ல் சவரக்கத்தி கீறிய சின்னக் காயம் ரணஜன்னியாக மாறி ஜான் இறந்துபோனார். அந்தப் பயணத்தை எழுதி அண்ணனின் நினைவாக வெளியிட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. குடும்பத்தின் பென்சில் தொழிலையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எழுதத் தனிமை தேவைப்பட்டது.

நண்பர் எமர்சனின் நிலத்தில், குளத்தை ஒட்டிய காட்டில், தானே ஒரு சிறிய வீடு கட்டினார். செலவு 28 டாலர் 12½ சென்ட். 1845 ஜூலை 4 அன்று குடியேறினார். பீன்ஸ் பயிரிட்டார், காட்டில் நடந்தார், எழுதினார். 2 வருடம் 2 மாதம் கழித்துத் திரும்பியபோது அண்ணனுக்கான புத்தகத்தோடு "வால்டன்" நூலின் முதல் வரைவும் கையில் இருந்தது.

1849-ல் அண்ணனுக்கான புத்தகம் வெளிவந்தது. அச்சிட்ட 1000 பிரதிகளில் 706 விற்கவில்லை. 1853-ல் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. பதிப்புச் செலவும் அவர் தலையில்தான் விழுந்தது.

தோரோ எழுதுவதை நிறுத்தவில்லை. "வால்டன்" நூலைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதி 1854-ல் வெளியிட்டார். ஏழு வரைவுகள்! காடு தந்தது இரண்டு வருட அமைதி. அதைப் புத்தகமாக்க, ஊருக்குத் திரும்பிய பிறகும் ஏழு வருட உழைப்பு தேவைப்பட்டது.