பணியும் பட்டமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



"பட்டம் வாங்கித்தான் பிழைக்க வேண்டுமா?" என்னும் கேள்வி நம் மஹல்லாவில் அடிக்கடி எழுகிறது. கல்லூரி வாசலை மிதிக்காமலேயே வணிகத்தில் சிறந்தோங்கிய முன்னோர் நமக்குண்டு என்பது உண்மையே. ஆயினும், பணிக்குப் பட்டம் கேட்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, அதனைக் காலந்தாழ்த்தி உணர்ந்ததால் நாம் இழந்தது என்ன என்பதைச் சிந்திப்பது நம் கடமையாகும்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தொடக்கக் காலத்தில் நீதிமன்றங்களிலும் வருவாய்த் துறையிலும் பார்ஸி மொழியே கோலோச்சியது. அம்மொழி கற்ற முன்ஷிகள் மதிப்புடன் பணியாற்றினர். 1837-இல் பார்ஸி நீக்கப்பட்டது. 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கே அரசுப் பணியில் முன்னுரிமை என ஆணையிட்டார். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. நேற்றுவரை கற்றோர் எனப் போற்றப்பட்டவர்கள் ஒரே தலைமுறையில் கல்லாதோர் வரிசையில் நிறுத்தப்பட்டனர்.

மாற்றத்தை விரைந்து உணர்ந்தோர் முன்னேறினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அரசுப் பணியில் அமர்ந்து, பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார்.

நம் சமுதாயமோ தயங்கி நின்றது. வடக்கே ஸர் ஸையித் அஹ்மத் கான் 1875-இல் அலிகரில் கல்விக்கூடம் தொடங்கியபோது எதிர்ப்புகளையே முதலில் சந்தித்தார். தெற்கே வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல்தான் உருவாயிற்று. அதாவது, சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி 62 ஆண்டுகள் கழிந்த பின்னர். திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951-இல் மலர்ந்தன. இவற்றை எழுப்பிய வள்ளல்களை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம்.

1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து, வளைகுடாவின் வாசல் திறந்தது. பட்டமில்லாத கரங்களுக்கும் அங்கே வேலை கிடைத்தது. நம் தெருக்களில் மாடி வீடுகள் எழுந்தன. அந்தச் செழிப்பே, படிப்பைப் பாதியில் நிறுத்திக் கடவுச்சீட்டு எடுக்கும் பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. 2011-இல் சவூதி அரேபியா 'நிதாகத்' திட்டத்தின் மூலம் தன் குடிமக்களுக்கு வேலைவாய்ப்பில் முதலிடம் அளிக்கத் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகள் அங்கு உழைத்துத் திரும்பிய சகோதரர் ஒருவர், தம்மிடம் தொழில் பழகிய இளைஞர் சான்றிதழின் பலத்தால் தமக்கே மேற்பார்வையாளராக வந்ததைச் சொல்லிக் கண் கலங்கியதை நாம் மறக்கவில்லை.

2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றோர் 4 விழுக்காட்டிற்கும் குறைவு என்றும், நாட்டின் சராசரி ஏறத்தாழ 7 விழுக்காடு என்றும் கூறியது. 2007-இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு வழங்கியது. விண்ணப்பிக்கும் தகுதி பெற்றவருக்கே அந்த ஒதுக்கீடு பயன் தரும். 2021-22 கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதக்கூடிய கிராம நிர்வாக அலுவலர் தேர்வைக்கூடப் பட்டதாரிகள் பெருந்திரளாக எழுதுகின்றனர். பட்டமில்லாதவர் பத்தாம் வகுப்பு வேலைக்கும் பட்டதாரியுடன் போட்டியிட வேண்டிய காலம் இது.

"பட்டம் பெற்றும் வேலையின்றி இருப்போர் இல்லையா?" எனச் சிலர் கேட்கலாம். உண்டு. எனவேதான் பட்டத்துடன் கைத்தொழிலும் மொழித்திறனும் சேர வேண்டும் என்கிறோம். ஆனால் பட்டமில்லாதவருக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பே பல இடங்களில் வருவதில்லை. மதரஸாவில் ஓதிய ஆலிம்களும் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வு எழுதியே பள்ளிகளில் அரபி ஆசிரியர்களாயினர் என்பதை, மதரஸாவில் ஓதியவர் என்னும் முறையில் நாமே அறிவோம்.

ஆகவே, இவ்வாண்டு நம் மஹல்லாவில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் ஆண், பெண் பிள்ளைகள் அனைவரின் பெயர்களையும் ஜமாஅத் பதிவு செய்யட்டும். கட்டணம் செலுத்த இயலாத ஒரு பிள்ளையும் படிப்பை நிறுத்தாதவாறு பைத்துல்மால் துணை நிற்கட்டும். 1844-இல் நம் முன்னோர்க்கு அறிவுறுத்துவார் இல்லை. நமக்கோ அந்தச் சாக்குச் சொல்ல இடமில்லை. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை நல்குவானாக! ஆமீன்.