எண்பது மில்லிமீட்டரில் ஒரு திண்ணை

ஆச்சி வீட்டை விற்பதென்று முடிவானதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் தாத்தாவும் ஆச்சியும் உட்கார்ந்திருக்கும் சதுரமான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எங்களிடம் உண்டு. 1974இல் உள்ளூர் ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்தது. அதே இடத்தில், அதே மாதிரி ஆச்சியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டூடியோ இப்போது இல்லை. அங்கே அவர் மகன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பழைய யாஷிகா கேமராவை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள் கொண்டது. லென்ஸைச் சுற்றி 80 மி.மீ. என்று எழுதியிருந்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். நண்பனிடம் 85 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கடன் வாங்கி என் டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

வாசலில் நின்று பார்த்தால் ஆச்சி மட்டும்தான் தெரிந்தாள், திண்ணையைக் காணோம். பின்னால் போனேன். இன்னும் பின்னால். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுப் படியில் ஏறிய பிறகுதான் திண்ணை முழுதாக அடங்கியது. ஆனாலும் அந்தப் படம் வரவில்லை. பழைய படத்தில் தூண் முன்னால் தடியாக நிற்கும், உள்வாசல் எங்கோ தூரத்தில் சிறிதாகத் தெரியும். என் படத்தில் தூணும் வாசலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

எங்கே தப்பு? குவியத் தூரம் என்பதை ஜன்னலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஜன்னலுக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே உள்ள தூரம்தான் குவியத் தூரம் என்று வையுங்கள். ஜன்னலின் அளவுதான் ஃபிலிமின் அளவு. ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரு எவ்வளவு தெரியும்? ஜன்னல் எவ்வளவு பெரியது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. யாஷிகாவின் சதுரச் சட்டம் ஒரு பக்கம் சுமார் 56 மி.மீ. நான்கு மீட்டர் தள்ளி நின்றால் அதன் 80 மி.மீ. லென்ஸில் 2.8 மீட்டர் அகலம் அடங்கும். என் கேமராவின் சென்சார் அகலம் 24 மி.மீ.கூட இல்லை. அதே இடத்திலிருந்து 85 மி.மீ. லென்ஸில் கிடைப்பது 1.1 மீட்டர். நான் எண்ணை மட்டும் கொண்டுபோனேன், ஜன்னலைக் கொண்டுபோகவில்லை.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் உரியதல்ல. இன்று உலகமே லென்ஸ்களை ஒரே ஒரு ஜன்னலை வைத்துத்தான் அளக்கிறது. அந்த ஜன்னல் வந்த கதை விசித்திரமானது.

1890களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன், ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மி.மீ. ஃபிலிமை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துப் பயன்படுத்தினார். அதுதான் 35 மி.மீ. ஃபிலிம். இரு ஓரத்திலும் துளைகள், ஒரு படத்துக்கு நான்கு துளை, படத்தின் அளவு ஏறத்தாழ 18க்கு 24 மி.மீ. சினிமா இந்த அளவில்தான் வளர்ந்தது.

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் என்ற மைக்ராஸ்கோப் கம்பெனி இருந்தது. அங்கே 1911இல் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்கர் பார்னக்குக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்துப் பெரிய பிளேட் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. சட்டைப் பையில் அடங்கும் கேமரா ஒன்று வேண்டும் என்று யோசித்தவர், சினிமா ஃபிலிமைக் கையில் எடுத்தார். சினிமாவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். இவர் அதைப் படுக்கவைத்து ஓடவிட்டு, இரண்டு சினிமாச் சட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். நான்கு துளை எட்டானது. 18க்கு 24 என்பது 24க்கு 36 ஆனது. 1914க்குள் மாதிரி கேமரா தயார். பிறகு போர் வந்தது. 1924இல்தான் எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து உற்பத்திக்கு ஒப்புக்கொண்டார். 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா வெளிவந்தது.

அதற்கு லென்ஸ் வடிவமைத்தவர் மாக்ஸ் பெரெக். குவியத் தூரம் 50 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் எவ்வளவோ அதுதான் அந்த கேமராவின் ‘நார்மல்’ லென்ஸ் என்பது பொதுவான கணக்கு. யாஷிகாவின் மூலைவிட்டம் 79, அதனால் லென்ஸ் 80. நான்குக்கு ஐந்து அங்குல ஃபிலிமுக்கு 150. அந்தக் கணக்குப்படி லைக்காவுக்கு 43தான் வரவேண்டும். பெரெக்கின் லென்ஸ் அதைவிடச் சற்று நீளம், பார்வைக் கோணம் சற்றுக் குறுகல். கோணம் குறுகினால் படத்தின் மூலைகளைக் கூர்மையாக வைத்திருப்பது எளிது. சின்ன நெகடிவ்வைப் பெரிதாக்கிப் பார்க்கப் போகும் கேமராவுக்கு அது முக்கியம். 1932இல் வந்த கான்டாக்ஸும் 50, 1934இல் கோடக் வெளியிட்ட ரெட்டினாவும் 50. ரெட்டினாவோடு வந்த ஃபிலிம் உருளையைத்தான் நம் வீட்டு கேமராக்களிலும் பிற்காலத்தில் போட்டோம். கணக்கில் வராத 50, இப்படித்தான் கண்ணுக்கு இயல்பான எண் என்று பெயர் வாங்கியது.

சின்ன கேமரா என்பதால் அன்று இதை ‘மினியேச்சர்’ என்றுதான் சொன்னார்கள். 1929இல் வந்த ரோலைஃபிளெக்ஸ் சதுரப் படம் எடுத்தது, அதற்கு 75. 1948இல் வந்த ஹாசல்பிளாடுக்கு 80. ஜப்பானில் ஒலிம்பஸின் மைதானி 1959இல் பார்னக்கின் சட்டத்தைத் திரும்பப் பாதியாக்கி, அதே 18க்கு 24 அளவுக்குக் கொண்டுவந்து பென் கேமராவைச் செய்தார். 36 படம் எடுக்கும் ரோலில் 72 படம், லென்ஸ் 28 மி.மீ. அவரவருக்கு அவரவர் ஜன்னல். யாரும் ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கணக்குப் போட வேண்டிய தேவை பெரிதாக வரவில்லை.

டிஜிட்டல் வந்தபோது அந்தத் தேவை வந்தது. 1999இல் வந்த நிக்கான் டி1இல் பழைய லென்ஸ்களை மாட்டலாம், ஆனால் சென்சார் சிறியது. எனவே ‘எண்ணை 1.5ஆல் பெருக்கிக்கொள்’ என்றார்கள். பெருக்கினால் எங்கே போய்ச் சேர்கிறோம்? பார்னக்கின் 24க்கு 36இல். அந்த அளவுள்ள சென்சாருக்கு ‘ஃபுல் ஃப்ரேம்’ என்று பெயர் வைத்தோம். மினியேச்சராகப் பிறந்தது முழுமையின் அளவுகோலாகிவிட்டது! உங்கள் ஃபோனில் எடுத்த படத்தின் விவரங்களைத் திறந்து பாருங்கள். உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான். பக்கத்தில் ‘35 எம்எம் ஃபிலிமில்’ என்று இன்னொரு எண்ணுக்கும் எக்ஸிஃப் தரத்தில் தனி இடம் உண்டு. ஃபிலிமையே பார்த்திராத கருவியும் டிக்சன் கிழித்த ஃபிலிமுக்குக் கணக்குச் சொல்கிறது. பழைய மென்பொருளில் யாரோ எழுதிவைத்த ஒரு எண்ணைத் தொடப் பயந்து நாங்கள் அப்படியே சுமந்துகொண்டிருப்போமே, அந்த மாதிரி.

ஆனால் எந்தப் பெருக்கலும் சொல்லாத ஒன்று இருக்கிறது. தூண் பெரிதா வாசல் சிறிதா என்பதை லென்ஸ் தீர்மானிப்பதில்லை. நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. லென்ஸ், அங்கிருந்து தெரிவதில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஆகவே நான் தேட வேண்டியது 80ஐ அல்ல, அவர் நின்ற இடத்தை.

அடுத்த வாரம் 35 மி.மீ. லென்ஸோடு போனேன். பழைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தூணும் உள்வாசலும் அதே அளவில் தெரியும்வரை நகர்ந்தேன். திண்ணையிலிருந்து நான்கு மீட்டர் இருக்கும். துவைக்கிற கல் குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றதும் எல்லாம் பொருந்தியது. தாத்தா உட்கார்ந்திருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

ஆச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ஏலே, அன்னைக்கு அந்த போட்டோக்காரரும் அந்தக் கல்லு மேலதாம்ல நின்னாரு. வழுக்கி விழப் போனாரு, ஒங்க தாத்தாதான் ஓடிப் போயி புடிச்சாக.”

போன தடவையே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ கேக்கலியே.”