பசியும் உடல் எடையும்

மனித உடலில் பசியையும் நிறைவையும் ஆளும் முதன்மை மையம், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஆகும். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோன், 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. உணவு வேளை நெருங்குகையில் இரத்தத்தில் உயர்ந்து பசியைக் கிளப்புவது இதுவே. உண்ணத் தொடங்கியதும் வயிறு விரிவதை வேகஸ் நரம்பு மூளைக்கு உணர்த்த, குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகினின், ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் போதுமென்ற உணர்வை எழுப்புகின்றன.

எடையின் நீண்டகாலக் கணக்கு லெப்டினைச் சார்ந்தது. 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த இந்த ஹார்மோனைக் கொழுப்புச் செல்கள் சுரக்கின்றன. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும்; மூளை அதைப் பஞ்சமெனக் கொண்டு பசியைக் கூட்டி, ஆற்றல் செலவைச் சுருக்கிவிடும். கொழுப்பு மிகும்போதோ லெப்டின் பெருகினாலும் மூளை அதற்கு அவ்வளவாகச் செவிசாய்ப்பதில்லை. உடல் எடை இழப்பை எதிர்க்கும் அளவுக்கு எடை ஏற்றத்தை எதிர்ப்பதில்லை என்பதே இத்துறையின் மையமான உண்மை. மெலிந்தவர் மீண்டும் பருப்பதை மனவுறுதியின் குறையாகப் பழிப்பது அநீதி.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தமிழர் வாழ்வில், எடை ஏற்றத்தை உடல் அவ்வளவாக எதிர்ப்பதில்லை என்பது கண்கூடு. ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவப் புறப்பட்டு, மரத்துக்கு மரம் நடந்தே பொழுதைக் கழித்த தலைமுறையின் வழிவந்தோர் பலர் இன்று தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கின்றனர். ஜொகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் நெரிசலுக்கு அஞ்சி இருள் பிரியுமுன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்புகின்றனர். உடலுழைப்பு குறைந்தும் உறக்கம் மட்டும் கூடவில்லை. உறக்கக் குறைவு பசியைத் தூண்டுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். முக்கிய இனங்களுள் இந்தியரிடையே இவ்விகிதம் மிகுதி. ஒரே உயரமும் எடையும் கொண்ட ஐரோப்பியரைவிடத் தெற்காசியர் உடலில் கொழுப்பு பொதுவாக அதிகம் என்பதால், எடை எந்திரம் காட்டும் எண்ணுடன் இடுப்பளவையும் பார்க்க வேண்டியுள்ளது.

எடை கூடுவதில் பானங்களுக்கும் பங்குண்டு. குடிக்கும் சர்க்கரை திட உணவளவு நிறைவு தராததால், காலைப் பசியாறலில் ரொட்டி சானாயுடன் அருந்தும் கெட்டிப்பால் கலந்த தே தாரேக் என்னும் தேநீர் உண்ணும் அளவைப் பெரிதும் குறைப்பதில்லை. மலேசிய அரசு 2019 சூலை 1 முதல் 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள ஆயத்தப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. கடையில் உடனுக்குடன் ஆற்றித் தரப்படும் தேநீர் அவ்வரிக்குள் வரவில்லை.