சாலை வரை நீளும் தொழிற்சாலை: இஎஸ்ஐ சட்டத்தின் 51-இ பிரிவும் ஓசூர்த் தொழிலாளியின் இழப்பீட்டு உரிமையும்

வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ நேரும் விபத்தும் பணியின்போது, பணியின் விளைவாக நேர்ந்த விபத்தாக அமையலாம் என்று 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது (2025 ஐஎன்எஸ்சி 904). விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதை நிறுவ வேண்டும் என்பது நிபந்தனை. தொழிலாளர் சட்டம் பற்றிய எழுத்தில் செல்வாக்குள்ள ஒரு மரபு, பணிக் காயத்தின் எல்லை விரியும் ஒவ்வொரு முறையும் அதைத் தொழிலாளியின் வெற்றியாகவே பதிவு செய்து வந்திருக்கிறது. இஎஸ்ஐ (ஊழியர் அரசுக் காப்பீடு) திட்டத்தில் காப்பீடு பெற்ற தொழிலாளியைப் பொறுத்தவரை அந்தப் பதிவு பாதி உண்மைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். எல்லை சாலை வரை நீளும்போது, சாலையில் அவருக்கு ஏற்கெனவே இருந்த வேறோர் உரிமை பறிபோகும் நிலை உருவாகிறது.

ஓசூரில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அல்ல. 1970களில் தொடங்கிய சிப்காட் வளாகம், 1980களில் நிலைபெற்ற டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகள், அவற்றை நம்பி வளர்ந்த உதிரிபாகப் பட்டறைகள் எல்லாம் பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையைப் பற்றிக்கொண்டே பெருகின. அன்று அதன் எண் 7, இன்று 44. பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் சரக்கு லாரிகளும் முதல் ஷிப்டுக்கு விரையும் டூவீலர்களும் கிருஷ்ணகிரி வரை ஒரே சாலையில்தான் போகின்றன. நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி பஸ் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி பெரும்பாலும் சொந்த வண்டியிலோ ஷேர் ஆட்டோவிலோ வருகிறார். ஜூஜூவாடி மாநில எல்லையைத் தாண்டி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளியிலிருந்து வருவோரும் உண்டு. மாதச் சம்பளம் ரூ.21,000க்குள் இருந்தால் அவர் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார். நெடுஞ்சாலையின் ஆபத்தை அதிகம் சுமப்பவரும், இங்கே பேசப்படும் சட்டச் சிக்கலுக்குள் விழுபவரும் ஒரே ஆள்தான்.

சிக்கல் இரண்டு பிரிவுகளுக்கு இடையே இருக்கிறது. இஎஸ்ஐ சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 51-இ பிரிவு, வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே நேரும் விபத்து, மேற்சொன்ன தொடர்பு நிறுவப்பட்டால், பணியின்போது பணியின் விளைவாக நேர்ந்ததாகக் ‘கருதப்படும்’ என்கிறது. 53ஆம் பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. பணிக் காயம் அடைந்த, காப்பீடு பெற்ற தொழிலாளியோ அவரைச் சார்ந்தோரோ, முதலாளியிடமிருந்து மட்டுமல்ல, ‘வேறு எந்த நபரிடமிருந்தும்’ வேறு எந்தச் சட்டத்தின் கீழும் இழப்பீடு பெற முடியாது என்பது அதன் சாரம்.

ஆலைக்குள் இந்தத் தடைக்கு ஒரு நியாயம் உண்டு. முதலாளி சந்தா கட்டுகிறார். பதிலுக்கு வழக்கிலிருந்து விலக்குப் பெறுகிறார். ஊழியர் இழப்பீட்டுச் சட்டக் கோரிக்கைக்கு இத்தடை பொருந்தும் என 1996இலும், உரிமையியல் நீதிமன்ற நட்டஈட்டு வழக்குக்கும் பொருந்தும் என 1997இல் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2009இல் நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் மோட்டார் வாகனக் கோரிக்கைக்கும் அதே தடை நீண்டது. ஆனால் சூளகிரி அருகே நெடுஞ்சாலையில் இடித்த லாரியின் உரிமையாளர் இஎஸ்ஐ கழகத்துக்கு ஒரு ரூபாய் கூடச் சந்தா கட்டியவர் அல்ல. அவருக்கும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கும் எந்த ஒப்பந்தத்தின் பேரில் விலக்கு கிடைக்கிறது?

2025 தீர்ப்பின் காரண விளக்கம் இங்கேதான் கவலை தருகிறது. வழக்கின் உண்மைகள் எளியவை. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003 ஏப்ரல் 22 அன்று, அதிகாலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் இறந்தார். கோரிக்கை ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எழுந்தது. இஎஸ்ஐ சட்டம் நேரடியாகச் சம்பந்தப்படவில்லை. குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது முற்றிலும் சரி. ஆனால் அந்த முடிவை எட்ட நீதிமன்றம் 51-இ பிரிவை விளக்கத் திருத்தம் என்று வகைப்படுத்தி, அதற்கு முன்தேதி விளைவு உண்டு என்றது. சட்டம் தொடக்கம் முதலே இதைத்தான் சொன்னது, 2010 அதைத் தெளிவாக்கியது, அவ்வளவே என்பது அதன் பொருள்.

1996இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு எதிராகச் சொல்லியிருந்தது. மாலை 4.30 ஷிப்டுக்கு 4.15 மணிக்கு, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது லாரி மோதிய தொழிலாளியின் காயம் பணிக் காயம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பு. நாடாளுமன்றம் 2010இல் செய்தது அந்த நிலையை மாற்றியது என்றே படிக்க வேண்டும். ‘கருதப்படும்’ என்று சட்டம் சொல்லும்போது இல்லாத ஒன்றை ஒரு நோக்கத்துக்காக இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அத்தகைய சட்டப் புனைவு அது படைக்கப்பட்ட நோக்கத்தைத் தாண்டி நீளக் கூடாது என்பது பழைய விதி. 51-இ பிரிவின் நோக்கம் தொழிலாளிக்குப் பயன் தருவது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அவர் வைக்கும் கோரிக்கையை அடைப்பதற்கு அந்தப் புனைவைப் பயன்படுத்துவது நோக்கத்துக்கு நேர் எதிர். ஆனால் அது புனைவே அல்ல, வெறும் விளக்கம்தான் என்று சொல்லிவிட்டால் இந்த வாதத்தின் தரை நழுவுகிறது. சாலை விபத்து என்றைக்குமே அசல் பணிக் காயம்தான் என்றாகி, 53ஆம் பிரிவு முழு வலுவோடு வந்து விழுகிறது. தொழிலாளிக்குச் சாதகமான முடிவு, இன்னொரு தொழிலாளிக்கு எதிரான கருவியைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கொடுத்திருக்கிறது.

இழப்பு எவ்வளவு என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். வயது 30, மாதச் சம்பளம் ரூ.18,000, லாரி மோதியதால் உழைப்புத் திறனில் 50 சதவீத இழப்பு. இஎஸ்ஐ நிரந்தர ஊனப் பயன் சராசரிச் சம்பளத்தின் 90 சதவீதத்தை அடிப்படையாகக் கொள்கிறது. ஆகவே மாதம் ஏறத்தாழ ரூ.8,100 வாழ்நாள் முழுதும் கிடைக்கும். மருத்துவமும் உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலோ, 2017 அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்புப்படி வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து, அந்த வயதுக்குரிய பெருக்கெண் 17ஐக் கொண்டு கணக்கிட்டால் வருமான இழப்புக்கு மட்டும் ரூ.25,70,400 வரும். வலி, வாழ்க்கை இன்ப இழப்பு, உடனிருந்து கவனிப்போர் செலவு ஆகியவை தனித் தலைப்புகள். இஎஸ்ஐ திட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை.

மரணத்தில் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே தொழிலாளி இறந்து, சார்ந்தோர் மூவர் என்றால் தீர்ப்பாயக் கணக்கு ரூ.34,27,200, இஎஸ்ஐ சார்ந்தோர் பயன் மாதம் ரூ.16,200. இளம் மனைவிக்கு மாதந்தோறும் வரும் தொகை, உறவினர் கைகளில் கரைந்துவிடக் கூடிய மொத்தத் தொகையைவிடப் பாதுகாப்பானதாக இருக்கலாம். ஆகவே 53ஆம் பிரிவின் அடி, இறந்தவர் குடும்பத்தைவிட உயிர் பிழைத்து ஊனத்தோடு வாழ்பவர்மீதே கனமாக விழுகிறது. முந்தைய எழுத்து மரண வழக்குகளையே அதிகம் எடுத்து விவாதித்ததால் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போயிருக்கக் கூடும்.

அதே லாரி, அதே ஷேர் ஆட்டோவில் வந்த மூன்று பேரைக் காயப்படுத்தியதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ரூ.21,000க்கு மேல் வாங்குபவர். இன்னொருவர் பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும், இஎஸ்ஐ பதிவில்லாத பட்டறையின் தொழிலாளி. மூன்றாமவர் இஎஸ்ஐ அட்டை வைத்திருப்பவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு முதல் இருவருக்கும் ஊழியர் இழப்பீடா தீர்ப்பாயமா என்ற தேர்வைத் தருகிறது. மூன்றாமவருக்கு மட்டும் தேர்வே இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடித்தம் கொடுத்தவர் அவர்.

இதற்கு வழி 53ஆம் பிரிவின் வாசகத்திலேயே இருக்கிறது. ‘இச்சட்டத்தின் கீழ் ஊழியர் என்ற முறையில்’ அடைந்த காயத்தைப் பற்றியே அது பேசுகிறது. லாரி ஓட்டுநர் மீறிய கடமை ஊழியருக்குச் செய்ய வேண்டியது அல்ல. சாலையில் போகும் எவருக்கும் செய்ய வேண்டியது. சீருடையில் வேலைக்குப் போகிறவரும் திருவிழாவுக்குப் போகிறவரும் அந்தக் கடமைக்கு முன் சமம். இப்படிப் படித்தால் கம்பெனி பஸ்ஸைப் பற்றிய 51-சி பிரிவும் பொருந்தி நிற்கும்: பஸ்ஸை முதலாளியோ அவர் ஏற்பாட்டில் ஒப்பந்தக்காரரோ இயக்குவதால் அங்கே விலக்குக்கு ஓரளவு காரணம் உண்டு. பம்பாய் பெஸ்ட் வழக்கில் (1963) பணி முடித்த பஸ் ஓட்டுநர் நிறுவனத்தின் இன்னொரு பஸ்ஸில் வீடு திரும்பும்போது, சாலையில் நின்ற லாரியில் அந்தப் பஸ் மோதியது. பயணம் பணியின் நீட்சி என்று பெரும்பான்மை சொன்னது, பஸ் நிறுவனத்துடையது என்பதையும் இலவசப் பயணம் பணியின் தேவைக்காகத் தரப்பட்டது என்பதையும் சார்ந்துதான். சொந்த வண்டிக்கு அந்த அடிப்படை பொருந்தாது.

இரட்டை இழப்பீடு ஆகிவிடுமே என்ற ஆட்சேபத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. ஒரே இழப்புக்கு வந்த தொகையைக் கழித்துக்கொள்ளத் தீர்ப்பாயங்களுக்குத் தெரியும். நடைமுறையில் யாரும் 53ஆம் பிரிவை எழுப்புவதில்லை என்பதும் பதில் ஆகாது. 2009 வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனதே ஒரு காப்பீட்டு நிறுவனம்தான்.

கனமான ஆட்சேபம் ‘வேறு எந்த நபரிடமிருந்தும்’ என்ற சொற்கள். அவற்றின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 53ஆம் பிரிவின் இன்றைய வடிவம் 1966ஆம் ஆண்டின் 44ஆம் சட்டத்தால் வந்தது. கழகம் தான் கொடுத்ததை மீட்டுக்கொள்ளவும் ஈட்டுறுதி பெறவும் வழிசெய்த 66, 67ஆம் பிரிவுகளை நீக்கியதும் அதே சட்டம். தவறு செய்தவரைத் தொழிலாளியும் கேட்க முடியாது, கழகமும் கேட்க முடியாது என்ற நிலை அப்போது பெரும்பாலும் ஆலைச் சுவருக்குள் அடங்கியிருந்தது. தொழிலாளி சொந்த வண்டியில் வரும் நெடுஞ்சாலையும் பணியிடத்தின் நீட்சியாகும் என்பதை 1966 எதிர்பார்க்கவில்லை. இந்த வரலாறு மட்டுமே போதுமான சான்று என்று சொல்ல முடியாது. ஆனால் சொற்களை அவற்றின் முழு அகலத்துக்கு நீட்ட வேண்டும் என்போருக்கு அது எதிராகவே நிற்கிறது.

விபத்துத் தடுப்பிலும் இதற்கு நேரடி விளைவு உண்டு. விபத்து நடந்தால் நிறுவனம் கழகத்துக்கு அனுப்பும் படிவம் 12 தொழிலாளி யார், எப்போது, எங்கே, எப்படி என்பதைக் கேட்கிறது. லாரி விளக்கில்லாமல் சாலையோரம் நின்றதா, ஓட்டுநருக்கு உரிமம் இருந்ததா, சர்வீஸ் ரோட்டில் குறுக்கே கடக்க வழி இருந்ததா என்பதை விசாரிக்கக் கழகத்துக்குக் காரணமே இல்லை. மீட்பு உரிமை போன பிறகு அந்தத் தகவலால் அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தீர்ப்பாயம் அப்படி இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். வாகனம், ஓட்டுநர், சாலை மூன்றையும் பற்றிய பதிவு அங்கே சேர்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தை மத்திய அரசே நிர்ணயிப்பதால் லாரி முதலாளிக்கு நட்டஈட்டின் சூடு முழுதாக உறைப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் சாலை வடிவமைப்புத் தரத்தை மீறும் ஒப்பந்தக்காரரையும் அமைப்பையும் பொறுப்பாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு 2019இல் வந்த பிறகு, எந்த இடத்தில் எதனால் திரும்பத் திரும்ப விபத்து நடக்கிறது என்ற தீர்ப்பாயப் பதிவுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. இஎஸ்ஐ காப்பீடு பெற்ற தொழிலாளிகளின் வழக்குகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினால், முதல் ஷிப்டு நேர விபத்துகளில் ஒரு பெரும்பகுதி அந்தப் பதிவிலிருந்து மறைந்துபோகும்.

இஎஸ்ஐ சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்துவிட்டதால், இங்கே சொன்னவை அதற்கு முன் நடந்த விபத்துகளுக்கே பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் நிலுவையில் இருக்கும். எல்லைப் பகுதியில் அவற்றுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(2) பிரிவின்படி கோரிக்கையை விபத்து நடந்த இடத்திலும் தாக்கல் செய்யலாம், மனுதாரர் வசிக்கும் இடத்திலும் தாக்கல் செய்யலாம். அத்திப்பள்ளியில் குடியிருந்து ஓசூரில் காயம்பட்டவருக்கு இரண்டு மாநிலத் தீர்ப்பாயங்களும் திறந்திருக்கின்றன. 53ஆம் பிரிவை இரண்டு உயர் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் படித்தால், ஒரே விபத்தில் காயம்பட்ட இரு தொழிலாளர்களின் உரிமையை அவர்களுடைய வாடகை அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே முடிவு செய்யும். 1996இன் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கும் 2025இன் இரண்டு நீதிபதிகள் அமர்வுக்கும் இடையிலான முரண் பெரிய அமர்வின் முன் போகும் நாளில், 53ஆம் பிரிவையும் தனிக் கேள்வியாக அந்த அமர்வின் முன் வைக்க வேண்டும்.