த்ரீ: கைமாற்றில் பிறந்த திருவிழா

அருணாச்சலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் வாழும் அபதானி மக்கள் ஆண்டுதோறும் ஜூலை 5ஆம் தேதி ‘த்ரீ’ கொண்டாடுகிறார்கள். அதை ‘அறுவடைத் திருவிழா’ என்று எழுதும் வழக்கம் செய்தித்தாள்களில் இருக்கிறது. அன்றைக்கு அந்த வயல்களில் நிற்பதோ பச்சைப் பயிர். கதிர் முற்றி அரிவாள் வைக்க இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அறுக்காத வயலுக்கு என்ன விழா? விடை ‘த்ரீ’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

த்ரீ என்ற பெயர் ‘தீரீ’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் அபதானிகள். கையிருப்புத் தானியம் தீரும் தறுவாயில் உணவுப்பொருளை விலைக்கு வாங்குவதும் கைமாற்றாகப் பெறுவதும் தீரீ. வரப்போகும் தட்டுப்பாட்டை எண்ணிப் பழைய இருப்போடு புதியதைச் சேர்த்து வைப்பதற்கும் அதே சொல்தான். ரோமன் எழுத்தில் இரண்டு ‘ஐ’ சேர்த்து எழுதுவதால் நாமும் ‘ஈ’ என்று படித்துவிடுகிறோம். உண்மையில் அந்த ஒலி நம் குற்றியலுகரத்துக்கு நெருக்கமானது. விரைந்து சொல்லும்போது முதல் உயிர் தேய்ந்து ‘த்ரீ’ ஆகியிருக்கிறது.

அபதானிகள் நெல்லில் வறியவர்கள் அல்லர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஏரும் மாடும் இல்லாமல், மண்வெட்டியையும் கைகளையும் கொண்டே அவர்கள் நஞ்சை செய்கிறார்கள். ஓடைநீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு மூங்கில் குழாய்களில் இறக்குகிறார்கள். 1944-45இல் அங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் ஃபான் ஃபியூரர்-ஹைமன்டார்ஃப், அண்டை மலைகளின் நிஷி மக்களுக்கு இவர்கள் நெல் கொடுத்து மிதுன் மாடுகள் வாங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் ஆண்டுக்கு ஒரே போகம்தான். வசந்தத்தில் நட்ட நாற்று இலையுதிர் காலத்தில்தான் களத்துக்கு வரும். இடைப்பட்ட மழைமாதங்களில் குதிர் காலியாகும், பயிரைப் பூச்சி தாக்கும், வீட்டில் காய்ச்சல் நுழையும். த்ரீ வருவது சரியாக அந்த நேரத்தில்.

சடங்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நியிபு எனப்படும் பூசாரி மூங்கிலாலும் இலைதழைகளாலும் பலிபீடம் அமைத்து மந்திரம் ஓதுகிறார். கோழியும் முட்டையும் பலியாகின்றன. ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனி வேண்டுதல் உண்டு. பூச்சி புழு அண்டாதிருக்கத் தமூ, கொள்ளைநோய் வராதிருக்க மெதி, வயலின் தீட்டு நீங்க மெதர், பயிரும் மனிதரும் நலமாயிருக்க மெபின். மண் செழிக்கவும் நீர்வாழ் உயிர்களும் கால்நடையும் பெருகவும் தான்யியை வணங்குகிறார்கள். இவற்றில் ஒன்றுகூட விளைந்ததற்கு நன்றி சொல்வதில்லை. எல்லாமே விளையவேண்டும் என்ற கவலையிலிருந்து எழுபவை.

அபதானிகளின் மற்ற விழாக்களோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். ஜனவரியில் நடக்கும் முருங், வசதியுள்ள ஒரு வீட்டார் மிதுனைப் பலியிட்டு இறைச்சியைப் பங்கிடும் பெருவிருந்து. மார்ச்சில் வரும் மியோகோவை ஊர்கள் மூன்று அணிகளாகப் பிரிந்து முறைவைத்து நடத்துகின்றன. பன்றிகள் பலியாகும், பிற ஊர் நண்பர்குடிகளுக்குக் கதவு நாள்கணக்கில் திறந்திருக்கும். ஊரில் ‘பாபோ’ எனும் நெட்டைக் கம்பங்கள் எழும்பும். கம்பத்தின் உச்சியிலிருந்து பிரம்புக் கயிற்றை இழுத்துக் கட்டி, அதைப் பிடித்து இளைஞர்கள் வானத்துக்கு எம்பித் துள்ளுவார்கள். அவை உள்ளவர்கள் உள்ளதைக் காட்டும் விழாக்கள். த்ரீயின் தாம்பூலம் வெள்ளரிக்காய். மழைக்காலத் தோட்டத்தில் அப்போது கிடைக்கும் எளிய காய் அது. வருகிறவர் எல்லாருக்கும் வெள்ளரித் துண்டும் ‘ஓ’ எனும் அரிசி மதுவும் கொடுத்து, நல்ல விளைச்சலுக்கு வாழ்த்துகிறார்கள். பெண்கள் வரிசையாக நின்று ‘தமிந்தா’ பாடி ஆடுகிறார்கள்.

முன்பு ஒவ்வோர் ஊரும் தனக்கு ஏற்ற நாளில் தனித்தனியாகத்தான் த்ரீ செய்தது. 1967இல் படித்த இளைஞர்கள் முன்னின்று, பழைய ஜீரோவின் நென்சால்யா மைதானத்தில் எல்லா ஊர்களுக்கும் பொதுவாக அதை நடத்தினார்கள். அன்றுதான் ஜூலை 5 நிலைபெற்றது. ஊர்ச் சடங்கின் பெயராக இருந்த சொல், ஓர் இனத்தின் அடையாளப் பெயராயிற்று. இன்று இட்டாநகரில் குடியேறிய அபதானிகளும் அதே நாளில் கூடுகிறார்கள். மைதானத்தில் விளையாட்டுப் போட்டிகளும் மேடை நிகழ்ச்சிகளும் சேர்ந்துவிட்டன. பொருள் விரிந்தாலும் பலிபீடமும் வெள்ளரியும் விலகவில்லை.

களம் நிறைந்தபின் விருந்து வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். குதிர் குறையும் மாதத்தில், கடன் வாங்குவதைக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்து, ஊரைக் கூட்டி உண்பது மிகப் பெரிய மனம். இல்லாமை ஒரு வீட்டின் வெட்கமாகாமல் ஊர் முழுவதும் சுமக்கும் பாரமாகிறது. ஆகவே தமிழில் த்ரீயைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதை அறுவடைத் திருவிழா என்று எழுதாதீர்கள். பயிர்காப்பு விழா என்று எழுதுங்கள், அல்லது த்ரீ என்ற பெயரையே சொல்லி, அதன் பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.