இழுவை மடியின் வாயும் கண்ணும்

கடற்றொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கலத்தையும் அதன் இயந்திரத்தையும் விரித்துரைப்பர். வலையை ஓரிரு வரிகளிற் கடந்து செல்வர். ஆயின், எவ்வளவு மீன், எத்தகைய மீன் பிடிபடும் என்பதைத் தீர்மானிப்பதில் வலையின் அமைப்புக்குப் பெரும் பங்குண்டு. இங்கிலாந்துக் கரையிலும் வடகடலிலும் இழுவை மடி வளர்ந்த கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1376இல் மூன்றாம் எட்வேட் மன்னனின் பாராளுமன்றத்துக்கு ஒரு முறைப்பாடு வந்தது. மூன்று பாக நீளமும் பத்தடி அகலமும் கொண்ட புதுவகை மடியொன்றைச் சிலர் கடலடியில் இழுக்கின்றனர்; பத்தடி மரச்சட்டம் ஒன்று அதன் வாயை விரித்து வைத்திருக்கிறது; ஈயமும் கற்களும் கோத்த அடிக்கயிறு கடற்றரையை உராய்ந்து ஆங்குள்ள பூண்டுகளையும் சிப்பிகளையும் அழிக்கிறது; கண்களோ இரு பெருவிரல் அளவினவே ஆதலாற் சிறுமீன்கள் குவிந்து பன்றிகளுக்கு இரையாகின்றன என முறையிட்டோர் வாதித்தனர். வாய், அடிக்கயிறு, கண் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துக் குறை கண்ட அவர்களின் தொழிலறிவு வியக்கத்தக்கது.

பின்வந்த நூற்றாண்டுகளிற் பெரிதும் கவனம் பெற்றது வாய்தான். சட்டம் நாற்பதடிக்கு மேலும் நீண்டது. எனினும் அதனைக் கலத்தின் பக்கவாட்டில் ஏற்றி வைக்க வேண்டியிருந்தமையால், கலத்தின் நீளமே அதற்கு எல்லையாயிற்று. 1894இல் ஸ்கொத்லாந்தின் கிராண்டன் துறையைச் சேர்ந்த ஸ்கொட் என்பவர் சட்டத்தையே நீக்கினார். மடியின் இருபுறமும் பலகைகளைச் சாய்கோணத்திற் பொருத்தி இழுக்க, நீரின் அழுத்தம் அவற்றை வெளிநோக்கித் தள்ளி வாயை விரித்தது. பட்டம் காற்றில் ஏறி நிற்பதும் இவ்விதியாலேயே. ஆனால் பலகை விரிந்து நிற்க, இழுக்கும் வேகம் சீராயிருத்தல் வேண்டும். காற்றை நம்பிய பாய்க்கலத்துக்கு அது அரிது. எனவே நீராவிக் கலங்களே இம்மடியை விரைந்து ஏற்றன. 1920களிற் பலகைக்கும் மடிக்கும் இடையே நீண்ட வடங்கள் இணைக்கப்பட்டன. அவ்வடங்களும் பலகை கிளப்பும் சேறும் மீனை வாய்நோக்கி வளைத்து ஓட்டின.

கண்ணைப் பற்றிக் கவலைப்பட அன்றைய அறிஞருலகம் காரணம் காணவில்லை. பெருங்கடல் மீன்வளம் பெரும்பாலும் வற்றாதது என 1883இல் இலண்டன் கண்காட்சியில் ஹக்ஸ்லி உரைத்தார். 1900இல் கார்ஸ்ராங் என்ற ஆய்வாளர், கலங்களின் ஆற்றல் பெருகிய அளவுக்குப் பிடிபாடு பெருகவில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1946இன் இலண்டன் உடன்படிக்கை குறைந்தபட்சக் கண்ணளவை விதித்தது. அங்கும் ஒரு சிக்கல்: சாய்சதுரக் கண், இழுவிசை மிகுந்து மடி நிறையும்போது நெருங்கி மூடிக்கொள்ளும். துறைமுகத்தில் அளந்த கண் கடலடியில் இருப்பதில்லை. இழுபடும் திசைக்கு நேராகக் கட்டிய சதுரக் கண்ணோ திறந்தே நிற்கும். அளவை மட்டும் விதித்து வடிவை மறந்த சட்டம் அரைச் சட்டமே என்பது என் கருத்து.

பலகை மடி பின்னர் பாக்கு நீரிணைக்கும் வந்தது. தாம் விரித்துவிட்ட வலைகளை இந்திய இழுவைப் படகுகள் அறுத்துச் செல்வதாகவும், ஆழங்குறைந்த கடலின் தரையை வாரிச் செல்வதாகவும் வடபகுதிக் கடற்றொழிலாளர் முறையிட்டனர். 1376இன் முறைப்பாட்டிலும் கடற்றரையே பேசப்பட்டது. இலங்கைக் கடலில் அடிமடி இழுவையை 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடைசெய்தது. படகுகளின் வரவு அதனால் நின்றுவிடவில்லை.